வாயில்லாமல் ஒரு வாரம் வியாபாரம்

1972 ஜனவரி 18, செவ்வாய்

தொண்டையில் திரும்பவும் வந்துவிட்டது. பழைய இடம். புற்றுநோய்தான். கண்டியில் தொண்டை டாக்டர் காலை பத்து மணிக்குச் சொன்னார்.

மாத்தளையில் விடிய நல்ல பனி. முதல் பஸ். குடையை பஸ்ஸில் விட்டேன், போனது போனதுதான்.

பதின்மூன்று வருசம். அப்போது மிளகளவு இருந்தது. கொழும்பில் ஆறு வாரம் லைட் பிடித்தார்கள். கதிர் வைப்பதற்கு வார்டில் அதுதான் பேச்சு. சுத்தமாகிவிட்டது என்றார்கள். ஐந்து வருசம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு வரத் தேவையில்லை என்றார்கள். நானும் மறந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரு தராசும் பாதிக் கடை வாடகையும். இன்றைக்கு முழுக்கடை, பின்னால் வீடு, டெலிபோன். எல்லாம் அந்தப் பதின்மூன்றில் வந்தவை.

குரல் கம்மத் தொடங்கியது நவம்பரில். கராம்புத் தூசி என்று நினைத்தேன். சீசனில் எங்கள் தெருவில் எந்த வியாபாரிக்குத் தொண்டை கட்டவில்லை? எதிர்க்கடைக்காரனும் கரகரவென்றுதான் பேசினான். அவனுக்குத் தெளிந்தது, எனக்குத் தெளியவில்லை. மல்லித் தண்ணீரில் மிளகைத் தட்டிப்போட்டுக் குடித்தே இரண்டு மாதம் ஓட்டினேன். துணிக்கடை வைத்திருந்தால் பத்து நாளில் டாக்டரிடம் போயிருப்பேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைக்காத மனுசன். பிடித்திருக்கிறது.

"இந்தமுறை லைட் குடுக்கேலாது. குடுத்த இடத்தில திருப்பிக் குடுத்தா அழுகிப்போகும். குரல்வளையை முழுசா எடுக்க வேணும். பிறகு மூச்சு கழுத்தில போடுற ஓட்டையாலதான்."

"பேச்சு சார்?"

"கதை வராது."

"பாதிய மட்டும் எடுத்துப் பாத்தா?"

"ஐசே, இதென்ன கறுவாப்பட்டையே, கேட்ட அளவுக்கு வெட்டித்தர?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னதுதான் முக்கியம்: நோய் இன்னும் குரல்பெட்டிக்குள்தான் நிற்கிறது, வெளியே போகவில்லை, இப்போது எடுத்தால் முழுவதும் எடுத்துவிடலாம். மூட்டை நனைந்தது, உள்ளே சரக்குக் கெடவில்லை என்று ஆள் வந்து சொன்ன மாதிரி இருந்தது. எடுக்காவிட்டால்? "மூச்சு அடைக்கும். எப்ப எண்டு சொல்லமாட்டன்."

அடுத்த புதன் காலை போய் ஆமா, இல்லை சொல்ல வேண்டும். ஆமா என்றால் அன்றே வார்டில் கட்டில்.

வரும்போது பஸ்ஸில் அக்குறணை வரை ஒரே யோசனை. வாயில்லாத முதலாளிக்கு எவன் சரக்குக் கொடுப்பான்? வியாபாரம் இல்லாமல் நான் எதற்கு?

19, புதன்

பாக்கியத்திடம் சொன்னேன். மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த எடம்?"

"பழைய எடந்தான்."

"தூசி தூசின்னு சொன்னீங்களே."

அழவில்லை. எழுந்து அடுப்பில் இருந்த மல்லித் தண்ணீரைச் சட்டியோடு கொண்டுபோய் வாசல் சாக்கடைக் கானில் கொட்டினாள். சட்டியையும் கழுவவில்லை, அப்படியே கவிழ்த்தாள். பிறகுதான் முழுவதும் கேட்டாள். சொன்னேன். ஓட்டை, மூச்சு, பேச்சு எல்லாம்.

"அப்ப புதன்கிழம போயி படுங்க."

"படுத்து எழும்பி என்னா செய்ய? ஊமையனா தராசு பிடிக்கவா? வாயாலதாண்டி இவ்வளவும் சம்பாதிச்சேன்."

"வாயால சம்பாதிச்சீங்களோ, வாயால கெடுத்தீங்களோ, யாருக்குத் தெரியும்."

இவள் நாக்கு. ரத்தோட்டைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்திலேயே கங்காணியை அழவைத்தவள். கட்டும்போது தெரிந்துதான் கட்டினேன்.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மாதிரி பார்க்காமல் ஒரு இறாத்தல் ஏலக்காய்கூட நான் வாங்கியதில்லை. இதற்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்ட வேண்டும்? நாளையிலிருந்து கடை திறந்தால் வாய் மூடுவது. மூடினால் திறப்பது. பேச்சே இல்லாமல் வாங்கிப் பார்ப்பது, விற்றுப் பார்ப்பது. நட்டம் வந்தால் டாக்டரிடம் இல்லை என்பது. தாக்குப்பிடித்தால் ஆமா.

பாக்கியத்துக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தொண்டை கட்டு, வைத்தியர் பேசக்கூடாது என்றார்.

"ஒங்களால ஒரு மணித்தியாலம் முடியாது," என்றாள்.

வாங்கியது: சிலேட்டு 1, சுண்ணக்கட்டி 1 பெட்டி. கறுப்புத் துணி கொஞ்சம், துடைக்க.

20, வியாழன்

முடிந்தது. ஒரு நாள் முழுக்க. ஒரு வார்த்தை இல்லை.

தெரிந்துகொண்டது ஒன்று: பேசாதவனைப் பார்த்தால் ஊரே கத்துகிறது. சிலேட்டில் 'தொண்டை சரியில்லை' என்று எழுதிக் காட்டுகிறேன். சரக்குக் கொண்டுவந்தவன் வாசித்துவிட்டு, காதுக்கிட்ட வந்து, "அப்பிடியா முதலாளீ" என்று அலறுகிறான். மூட்டை தூக்கும் செல்லன் என் பக்கம் நின்று, "தொண்டதாண்ணே, காது இல்ல" என்று அவனும் அலறுகிறான். பத்து மணிக்குள் தெரு முழுக்கச் செய்தி: வீரையா முதலாளிக்குக் காது போய்விட்டது.

முதலில் எரிச்சல். பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. உக்குவளைப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் மிளகு கொண்டுவந்தார்கள். நல்ல கறுப்பு, நல்ல பாரம். நான் விலையை எழுதிக் காட்டினேன். பெரியவன் தலையை ஆட்டிவிட்டு, என் முகத்துக்கு முன்னாலேயே தம்பியிடம் சொல்கிறான்:

"இவன் இன்னும் இருவத்தஞ்சு சதம் ஏத்துனா குடுத்துருவோம். திருப்பித் தூக்கிட்டுப் போக ஏலாது."

"ஏத்துவானா? கஞ்சப்பயலாம்."

"கஞ்சன்தான். ஆனா காச கையில வப்பான்."

பதினைந்து ஏற்றினேன். முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு. கொடுத்துவிட்டார்கள். 'கஞ்சப்பய' என்றதற்கு அந்தப் பத்துச் சதம்.

பாக்கியம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடை மூடியதும், "செவிட்டு முதலாளி, சோறு போடவா?" என்றாள், காதுக்கிட்ட வந்து, கத்தி.

சுண்ணக்கட்டித் தூள் வேட்டியெல்லாம். இருமல் கொஞ்சம்.

21, வெள்ளி

ரத்தோட்டைக்கு மேலே. ரிவர்ஸ்டன் பக்கம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. பண்டாவின் கராம்பு, பறிக்குமுன்பே மரத்தோடு விலை பேசுவதற்கு. எட்டு மரம். பண்டா கெட்டி. போன வருசம் அவனோடு வாதாடிப் பொழுதே சாய்ந்துவிட்டது.

"மொகத முதலாளி, கதா கரண்ட பேரித?" என்றான் சிங்களத்தில், பேச ஏலாதா என்று. தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். பாவப்பட்டு முறுக்குக் கொடுத்தான். விலை சொன்னான். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஒரு மொட்டைக் கிள்ளிக் கடித்தேன். அடுத்த மரத்துக்கு நடந்தேன். பின்னால் வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல முடியாது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. இந்த மரம் போன வருசம் குறைவுதான் என்று அவனே சொன்னான். நான் தலையை ஆட்டினேன். குரங்குத் தொல்லை என்று அவனே சொன்னான். இன்னொரு மொட்டைக் கிள்ளினேன். விலையை அவனே இறக்கினான். நான் சும்மா நின்றேன். இன்னொரு தடவை இறக்கினான்.

வாய் இருந்திருந்தால் முதல் இறக்கத்திலேயே "சரி" என்றிருப்பேன்.

திரும்பும்போது லொறியில் முன்சீட்டில் எனக்கு ஒரே துள்ளல். முப்பது வருசம் வாய் கிழியப் பேசி எவ்வளவு காசை ரோட்டில் விட்டிருப்பேன் என்று மனக்கணக்குப் போட்டேன், பிறகு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். டிரைவர், "முதலாளி தானே சிரிக்கிறாரு" என்று செல்லனிடம் சொல்கிறான். எனக்குக் கேட்காது என்று.

பின் டயர் வழுவழு. மாற்ற வேண்டும். டயருக்கு எங்கே போக, பெர்மிட்டாம்.

22, சனி

கலேவெல. சந்தை நாள். வெயில்.

இன்றைக்குப் பயந்துகொண்டேதான் போனேன். பண்டா தனி ஆள். சந்தையில் நாலு பேர் போட்டிக்கு நிற்பான்கள், வாயை முதலில் திறந்தவனுக்குத்தான் சரக்கு. அப்படியே நடந்தது. முதல் மூன்று மிளகுக் குவியலும் போய்விட்டன. நான் எழுதி முடிப்பதற்குள் எவனோ கையடித்து முடித்துவிடுகிறான். சிலேட்டை உடைத்துப் போடலாம் போல் வந்தது.

அப்போது ஹனிபா நானா. மாட்டுத் தரகு செய்து பிறகு மிளகுத் தரகுக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. பதின்மூன்று வருசத்துக்கு முந்தி நான் கொழும்பு வார்டில் கிடந்தபோது பேரீச்சம்பழம் கொண்டுவந்து பார்த்த ஒரே வியாபாரி.

"என்ன வீரையா, செவிடாகிட்டாய்ண்டு கேள்வி. நடிப்பா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பழைய சாமானா?"

தலையை ஆட்டினேன். அவர் உச்சுக்கொட்டவில்லை. அல்லாஹ்வை ஒருதரம் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"கையக் கொண்டா. மாட்டுக் கணக்குத் தெரியும்தானே?"

தெரியாமலா. மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், சுற்றி நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். துண்டுக்குக் கீழே கையைப் பிடித்து விரலால் பேசுவது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, முழுக்கை ஐந்து. விரலின் நடுக்கணுவை மடக்கினால் அரை. ரூபாயா சதமா என்பதை மட்டும் வாயால் சொல்வது, அதைத் தரகர் சொன்னால் போதும். மிளகுக்கு இது வழக்கமில்லை. நானா வழக்கமாக்கிவிட்டார். தம்புள்ளைப் பக்கத்து மிளகு, இரண்டு அந்தர், இருநூற்றிச் சொச்சம் இறாத்தல், அவர் கையில் இருந்தது.

நாலு பேரும் சுற்றி நின்று துண்டையே பார்க்கிறான்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவனுக்கும் தெரியாது. நானா பிடித்த பிடி. இறங்கவே மாட்டேன் என்கிறார். என் நடுவிரலை முறித்துவிடுவார் போல. ஒரு சதம் இரக்கம் காட்டவில்லை. நோயாளி என்று ஒரு சதம் விட்டிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். விடவில்லை. எனக்கு வந்த தெம்பைச் சொல்ல முடியாது.

கடைசியில் அவர் சொன்ன விலைக்கும் நான் சொன்ன விலைக்கும் நடுவில் முடிந்தது.

"நாக்கு போனாலும் கைக்குக் கொழுப்புக் கொறயல்ல," என்றார் நானா, எல்லாருக்கும் கேட்க.

23, ஞாயிறு

கடை இல்லை. விடுமுறை, ஆகையால் பேசினேன். காலையிலிருந்து பேச்சுதான். பண்டா கதை, நானா கதை, உக்குவளை அண்ணன் தம்பி கதை. பாக்கியம் காதைப் பொத்திக்கொண்டாள். "மூணு நாளா வீடு வீடா இருந்திச்சு," என்றாள்.

பின்னேரம் குரல் காற்றாய்ப் போய்விட்டது. மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். இது போன வாரம் இல்லை.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆபரேசனுக்குப் பிறகு சிரித்தால் சத்தம் வராது. ஆனால் காற்றை விழுங்கி ஏப்பமாக விட்டு, அதில் சொல் பழகலாம், சிலர் பழகியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன் நின்று பழகினேன். 'பத்து' வந்தது. 'எட்டு' வந்தது. 'பாக்கியம்' வரவே இல்லை. சோடா வாங்கிக் குடித்துப் பார்த்தும் வரவில்லை.

சத்தமில்லாமல் சிரித்தும் பார்த்தேன். மீன் மாதிரி இருந்தது. அதை மட்டும் அவளிடம் காட்டவில்லை.

கட்டிக்கொடுத்த மகளுக்கு இதை இன்னும் எழுதவில்லை.

24, திங்கள்

நேற்றுவரை ஆமா பக்கம்தான் நின்றேன். இன்று பதினொரு மணிக்கு எல்லாம் கவிழ்ந்தது.

டெலிபோன். கொழும்பிலிருந்து ஏற்றுமதிக் கம்பனி மெனேஜர், திங்கட்கிழமை விலை சொல்ல. நான் வாங்குகிற சரக்கெல்லாம் இந்தக் கம்பிக்குள்தான் விற்கிறது. இதை எப்படி மறந்தேன்? வாங்குவதையே மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், விற்பதைப் பார்க்கவில்லை. பெரிய வியாபாரி.

எடுத்தேன். "ஹலோ. வீரையா? ஹலோ." பேசிவிடலாம்தான், கொஞ்சம் குரல் இருந்தது. ஆனால் அது கள்ள மாதிரி காட்டுகிற வேலை. பேசவில்லை. சிலேட்டைத் தூக்கி டெலிபோனுக்குக் காட்டவா? "ஹலோ, லைன் சரியில்ல," என்று வைத்துவிட்டான். ஒரு நிமிசத்தில் திரும்ப அடித்தது. எடுத்தேன். என் மூச்சு விசில்தான் அவனுக்குக் கேட்டிருக்கும். வைத்துவிட்டான். எதிர்க்கடைக்காரனுக்கும் டெலிபோன் இருக்கிறது. அடுத்தது அங்கேதான் அடிப்பான்.

மூன்றாம் தரம் அடித்தபோது பாக்கியம் உள்ளே இருந்து வந்தாள். கையெல்லாம் மாவு. ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பினாள். இந்த வீட்டுக்கு டெலிபோன் வந்து மூன்று வருசம், அவள் தூசு தட்டத்தான் தொட்டிருக்கிறாள்.

"யாரு? ... ஆமா, வீரையா வீடுதான். அவரு குளிக்கிறாரு. ... நாந்தான் வீட்டுக்காரி. என்னா வெல? ... மிளகுக்கா கராம்புக்கா, ரெண்டையும் ஒண்ணாச் சொன்னா எப்புடி?"

நான் சிலேட்டில் எழுதுகிறேன், 'ஒத்துக்கொள்ளாதே, பிறகு பேசுவோம்'. அவளுக்கு வாசிப்பு மட்டு. சேலையைப் பிடித்து இழுத்தேன். மாவுக் கையால் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஐயா, இந்த வெலைக்கு நாங்க கண்டியிலேயே போட்டுருவோம், ஒங்களுக்கு எதுக்கு லொறி அனுப்பணும்? ... யோசிச்சு எடுங்க. எனக்கு அடுப்புல வேல கெடக்கு."

வைத்துவிட்டாள். வைத்தேவிட்டாள், கொழும்புக்காரனுக்கு முன்னாலே. ஐந்து நிமிசத்தில் அவனே அடித்தான். ஏற்றித்தான் கொடுத்தான். நான் கேட்க நினைத்திருந்ததற்கு மேலே.

செல்லன் கைதட்டினான். எனக்குச் சந்தோசமும் கோபமும் ஒரே வயிற்றில். கடை மூடியதும் சொன்னேன்: "இனி ஒன் வாயாலயா நான் பொழைக்கணும்?"

"ஏன், கொழுந்து பறிச்ச கையால ஆறு வருசம் பொழைச்சீங்களே, அப்ப ருசிச்சிச்சா?"

உண்மைதான். முதல் தராசு அவள் சம்பளத்தில் வந்தது.

"சும்மா நான் பேச மாட்டேன்," என்றாள். "சம்பளமும் வாணாம். பங்கு."

"பங்கா? வீட்டுக்காரிக்கா?"

"ஆமா. நீங்க படுத்துக் கெடக்கையில எவனாவது வந்து, ஒனக்கென்னா தெரியும்னு கேட்டா, நான் பங்குக்காரின்னு சொல்லணும்."

இன்னும் டாக்டருக்கு ஆமா சொல்லவில்லையே, என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

25, செவ்வாய்

காலையில் மழை. கராம்பைக் காயப்போட முடியவில்லை. நாளை கண்டி.

கடையில் வாய் மூடியபடிதான். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. பத்து மணிக்குப் போகலாம் என்கிறது, பன்னிரண்டுக்கு வேண்டாம் என்கிறது. அவள் பேசி நான் பக்கத்தில் நின்று தராசு பார்ப்பதை நினைத்தால் வெட்கம். மூச்சு விசிலை நினைத்தால் பயம். டாக்டருக்கு எழுதிக் காட்ட சிலேட்டில் 'இல்லை' என்று எழுதினேன், துடைத்தேன். இரண்டு மூன்று தரம்.

பின்னேரம் கடையை மூடப்போகும்போது பாக்கியம் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் என் துண்டு. கதவு ஒரு பலகை இன்னும் திறந்துதான் இருந்தது, ரோட்டில் ஆட்கள் போகிறார்கள்.

"கையக் கொண்டாங்க."

ஏன் என்று கையால் கேட்டேன்.

"ஹனிபா நானா கதைய ஞாயித்துக்கிழம நாலு தரம் சொன்னீங்க. எனக்கு வெரல் எண்ணத் தெரியாதா? லாபத்துல. பத்துல எத்தன."

துண்டைப் போட்டாள். என் கையைப் பிடித்து நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தாள். பத்தில் நாலு. மாவு இடித்த கை, கொழுந்து பறித்த கை, கொறடு மாதிரி. நான் அவள் ஒரு விரலைப் பிடித்தேன். அவள் திரும்ப நாலு. நான் இரண்டு. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வேறு யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. எங்கே படித்தாள் இதை? நாலு. நான் மூன்று பிடித்தேன், இதோடு முடி என்று அழுத்தினேன். அவள் கையை எடுக்கவும் இல்லை, பிடியை விடவும் இல்லை. எதிர்க்கடைக்காரன் கடை பூட்ட வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன வீரையா, பொஞ்சாதிய விக்கிறியா?" என்றான், அலறி.

"வாங்குறாரு," என்றாள் பாக்கியம். "எட்டுமா ஒங்களுக்கு?"

போய்விட்டான்.

பிறகு அவள் என் நாலாவது விரலின் நடுக்கணுவை மடக்கினாள். மூன்றரை. நான் தலையை ஆட்டப்போனேன். அவள் கையை இறுக்கினாள்.

"அந்த அரைய சும்மா விடல. நாளைக்கு முதல் பஸ்ஸுல நீங்க போகணும். நானும் வாரேன். ஆமான்னு நான்தான் சொல்லுவேன். அதுக்குத்தான் அரை."

பிறகு நான் முழுக்கையையும் பிடித்தேன். அது ஐந்து என்று அர்த்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "அஞ்சுன்னா எனக்குச் சரி," என்றாள்.

முடிந்த பேச்சு: லாபத்தில் பத்துக்கு மூன்றரை பாக்கியத்துக்கு, இன்றிலிருந்து, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். டெலிபோன் அவளுடையது, பேசும்போது சேலையை இழுக்கக்கூடாது. வாங்குவது நான். தொண்டையை டாக்டருக்குக் கொடுப்பது, நாளைக் காலை.